நில் ஈசி வந்துவிட்டது, அக்கா கையெழுத்து எங்கே?

ஓசூர், பாகலூர், சூளகிரி பக்கம் மனை வாங்க வருகிறவர்களில் பலருக்கு அதுதான் முதல் முதலீடு. பெங்களூரில் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, "சிப்காட் பக்கத்துலயே இருக்கு சார்" என்று சொல்லும் ஒரு தரகர். பத்திரம் சரிபார்க்கும் வழக்கறிஞராக நான் அவர்களிடம் முதலில் கேட்பது, விற்கிறவர் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று. பெரும்பாலும் யாரும் அதை விசாரித்திருப்பதில்லை.

ஒருவர் சூளகிரி அருகே ஒரு நிலத்தின் ஃபைலைக் கொண்டுவந்தார். முப்பது வருட வில்லங்கச் சான்றில் (ஈசி) ஒரு பதிவும் இல்லை, அதைத்தான் 'நில் ஈசி' என்பார்கள். பட்டாவில் அண்ணன், தம்பி இருவர் பெயர். அவர்களுடைய அப்பா இறந்த பிறகு பட்டா மாறியிருந்தது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் ஐந்து பேர்: அம்மா, இரண்டு மகன்கள், பாலக்கோட்டிலும் காவேரிப்பட்டினத்திலும் கட்டிக்கொடுத்த இரண்டு மகள்கள். "பொண்ணுங்களுக்கு நகை போட்டு சீர் செஞ்சாச்சுங்க" என்றார் விற்கிறவர். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். ஆனால் சீர் செய்ததால் பங்கு தீர்ந்துவிடாது.

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தம் மகளுக்கு அதே உரிமையைக் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் சகோதரிகளும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்பே பதிந்து கொடுத்திருக்க வேண்டும். நிலத்தின் விலை ஏறிய பிறகு பங்கு கேட்டு வழக்கு வந்தால், உங்கள் பணம் வருடக்கணக்கில் முடங்கும்.

பதிவு அலுவலகத்தில் பதிவானது மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில், வாரிசு வழி வந்த உரிமை எதுவும் அதில் தெரியாது. நில் ஈசியைக் காட்டி யாராவது "எல்லாம் சுத்தம்" என்றால், நிலம் அவர்களுக்கு எப்படி வந்தது என்று காட்டும் மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால் ஒரிஜினல் எங்கே அடகில் இருக்கிறது என்று கேளுங்கள்.

மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரம் வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டிய திட்டமாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணும் வேண்டும். இரண்டையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம், இடத்துக்கு நேரில் போங்கள், தரகர் இல்லாமல். பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுங்கள். வண்டிப்பாதை யார் நிலத்தில் போகிறது, கிணறு யாருக்குப் பொது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தில் பாதை இல்லையென்றால், அங்கே நடந்து போக முடிகிறது என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

செலவையும் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். 10 லட்சத்துக்குக் கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90 ஆயிரம். இரண்டு வருடத்தில் விற்றுவிடலாம் என்று கடன் வாங்கி மனை வாங்குகிறவர்கள் இதையும் வட்டியையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. என்னிடம் கேட்டால், முதல் மனைக்குக் கடன் வேண்டாம்.

முன்பணம் கொடுப்பதானால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகு மீதியைக் கொடுங்கள்.