கரண்ட் வந்தும் எழாத சர்வர்

ஆடி மழையில் கோத்தகிரிப் பக்கம் கற்பூர மரம் கம்பியில் விழுவதும் கரண்ட் போவதும் புதிதல்ல. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் சர்வரும் படுத்துவிடும். கரண்ட் வந்ததும் அது தானாக எழுந்து, பசுந்தேயிலை எடைக்கணக்கை வாங்கத் தயாராக நிற்க வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சென்டோஸ் 6 என்ற லினக்ஸ் இயங்குதளம் பல வருடம் அப்படித்தான் ஓடியது.

2020 நவம்பரில் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றதால் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற்றினேன். சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்களை) மேய்க்கும் பொறுப்பு சிஸ்டம்டி என்ற மென்பொருளின் கைக்குப் போனது. 'ஸ்டார்ட்' கொடுத்தேன், சர்வர் எழும்போது தானாகத் தொடங்க மறக்காமல் 'எனேபிள்' கொடுத்தேன், எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. சரி, வேலை முடிந்தது என்று குன்னூர் திரும்பிவிட்டேன்.

முதல் கரண்ட் கட்டிலேயே கணக்கரிடமிருந்து போன். "சார், கரண்ட் வந்து அரை மணி நேரமாச்சு. ஸ்க்ரீன்ல ஏதோ பாஸ்வேர்டு கேக்குது." தூரத்திலிருந்து சர்வருக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகவும் நுழைய முடியவில்லை. மூடுபனியில் வண்டியை ஊர்ந்து ஓட்டிப் போய்ப் பார்த்தால், எமர்ஜென்சி மோட்: பாதியில் நின்று, பழுது பார்க்க ஆள் வரட்டும் என்று காத்திருக்கும் நிலை.

எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், பேக்கப் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்க்குக்கு ஒரு வரி உண்டு. பழைய கோப்பிலிருந்து நான் அப்படியே தூக்கிப் போட்டது. கணக்கர் சாயங்காலமானால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார் (நான் பழக்கியதுதான்). டிஸ்க் இல்லாவிட்டால் பழைய அமைப்பு கொஞ்சம் முனகிவிட்டு மேலே போய்விடும். சிஸ்டம்டி விடாது. வேறு விதமாகச் சொல்லாத வரையில் அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியும் அதற்குக் கட்டாயம். வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். டிஸ்க் வராவிட்டால் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். எஸ்எஸ்ஹெச் எழுவதற்கு முன்பே நின்றுவிடுவதால் தூரத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ) என்று ஒரு சொல் சேர்த்தேன், அவ்வளவுதான்.

அடுத்த கரண்ட் கட்டில் சர்வர் எழுந்தது, எடைத் தராசிலிருந்து எண்களை வாங்கும் ப்ரோகிராம் எழவில்லை. தராசு தயாராகச் சில விநாடி ஆகும். அதற்குள் ப்ரோகிராம் விழுந்து, சிஸ்டம்டி எழுப்பி, மறுபடி விழுந்து... பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் அது கைவிட்டுவிடும். நாம் சொல்லாவிட்டால் இரண்டு முயற்சிக்கு நடுவே அது விடும் இடைவெளி 100 மில்லிவிநாடிதான். ஐந்தும் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்திருக்கும். அந்த இடைவெளியைச் சொல்லும் 'ரீஸ்டார்ட்செக்' மதிப்பை 10 விநாடி ஆக்கியதும் சரியானது.

சிஸ்டம்டி 2010-இல் வந்த நாள் முதல் அதைத் திட்டுகிறவர்கள் உண்டு. டெபியனிலிருந்து டெவுவான் என்ற தனி லினக்ஸ் பிரிந்ததே அந்தச் சண்டையில்தான். நானும் அன்று வழியில் கட்டபெட்டு வரை திட்டிக்கொண்டேதான் போனேன். ஆனால் செத்த ப்ரோகிராமை எழுப்ப முன்பு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) ஒரு கோணல் ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். அது செய்த வேலையை இப்போது 'ரீஸ்டார்ட்' என்ற ஒற்றை வரி செய்கிறது.

இதே மாற்றத்தைச் செய்யப் போகிறவர்கள் 'வார்-லாக்' அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) சிஸ்டம்டி தன் பதிவுகளை வைக்கும் 'ஜர்னல்' அடைவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சில அமைப்புகளில் அது இருக்காது. அப்படியானால் பதிவுகள் நினைவகத்தில் மட்டும் இருந்து, கரண்ட்டோடு சேர்ந்து போய்விடும்.

இப்போதெல்லாம் எந்த சர்வரையும் கைமாற்றுவதற்கு முன், டிஸ்க்கைக் கழற்றி, தராசை அணைத்து, நெட்வொர்க் கேபிளையும் உருவிவிட்டு ரீபூட் செய்கிறேன். அது எழும்வரை அங்கேயே உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறேன்.