எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) கையில் இருந்தாலும் புகைச் சான்று தனியாக வேண்டும்

கோத்தகிரி பக்கம் பச்சை இலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த புகைச் சான்றை எடுத்து நீட்டியும் அபராதம் கட்டினார். காகிதம் இருந்தது, ஆன்லைனில் பதிவு இல்லை. சைலன்சருக்குள் கருவியைச் செருகாமலே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் சோதனை மையத்துக்குப் போ என்கிறார்கள், மையத்தில் அலுவலகத்துக்குப் போ என்கிறார்கள், இப்படியே இரண்டு நாள் கூலி போனது.

விதி சின்னதுதான். பதிவு செய்து ஓராண்டு முடிந்த பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குச் சான்று வேண்டும். பிஎஸ் 4, பிஎஸ் 6 (புகை அளவுக்கான அரசுத் தரநிலைகள்) வண்டி என்றால் ஓராண்டு செல்லும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறே மாதம். இல்லையென்றால் 10,000 ரூபாய் வரை அபராதம். பழைய வண்டிக்காரர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், எஃப்.சி. பார்த்தாச்சே, அதுவே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். போதாது.

மலையில் இன்னொரு சிக்கல். ஊட்டிக் குளிரில் காலையில் கிளப்பின வண்டியை நேரே மையத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். என்ஜின் சூடாகாமல் எரிபொருள் முழுசாக எரியாது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வேலை செய்யாது, நல்ல வண்டிகூடத் தோற்றுவிடும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். கார்புரேட்டர் பைக்குக்கு 2,200 மீட்டர் உயரத்தில் காற்று போதாமல் பெட்ரோல் விகிதம் கூடி, கார்பன் மோனாக்சைடு ஏறும். முதலில் மெக்கானிக்கிடம் ஏர் ஃபில்டரையும் டியூனிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோற்றால் அளவுகள் போட்ட நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும், 2021-லேயே வந்த விதி அது. வாய்வார்த்தையாக "ஃபெயில், கூடக் கொஞ்சம் கொடுங்க, பாஸ் போட்டுடலாம்" என்றால் கொடுக்காதீர்கள், சீட்டைக் கேட்டு வாங்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மையத்தில் கொடுக்கிற செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். புரோக்கர் நம்பரைப் போட்டால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். மையத்தை விட்டுக் கிளம்பும் முன்னால், அங்கே நின்றபடியே பரிவாஹன் என்கிற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தும் போட்டுப் பாருங்கள், சான்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டி என்பதற்காக ஊட்டிக்கே ஏற வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் எடுத்தாலும் நாடு முழுக்கச் செல்லும்.

அப்புறம், விபத்து நேரத்தில் புகைச் சான்று இல்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் கிளைமை மறுத்தால் விட்டுவிடாதீர்கள். அந்தக் காரணத்துக்காக மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஆகஸ்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.