வளைந்த சுங்கானுக்குள் நேரான துளை

துளைப்பான் நேராகத்தான் போகும். வளைந்த சுங்கானை, அதாவது புகையிலை புகைக்கும் பைப்பை, கையால் செய்கிறவர் படும் பாடெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் வெளியே மரம் அழகாக வளைந்து மேலே ஏறினாலும் உள்ளே புகை போகும் வழியை அதே வளைவில் துளைக்க முடியாது.

சரி, எதற்கு வளைக்க வேண்டும்? நேரான சுங்கானைப் பல்லில் கடித்தால் புகையிலை எரியும் கனமான கிண்ணம் வாயிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது, அந்தத் தூரம்தான் தாடையை வலிக்க வைக்கிறது. வளைத்துவிட்டால் கிண்ணம் முகவாய்க்குக் கிட்டே தொங்கும். எடை அதேதான், திருப்புவிசை மட்டும் குறையும். வளைவு புகையின் தீங்கைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிகோடினும் தாரும் அப்படியேதான் வரும்.

மரம் பெரும்பாலும் பிரையர். மத்தியதரைக்கடல் கரையோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் தண்டும் வேரும் சேருமிடத்தில் திரளும் முண்டு இது. பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் எடுப்பார்கள். அடர்த்தியானது, சட்டென்று தீப்பிடிக்காது. 1850-களிலிருந்து பிரான்சின் சாங்-க்ளோத் ஊர் இந்த வேலைக்குப் பேர்போனது.

இப்போது துளைக்கு வருவோம். கிண்ணத்தின் அடிமட்டத்தில், சரியாக நடுவில் காற்றுத்துளை வந்து திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கிவிடும். கிண்ணத்திலிருந்து நீளும் மரத்தண்டான காம்பின் வாயிலிருந்து அந்த அடிப்புள்ளிக்கு நேர்கோடு போட்டுப் பாருங்கள், அது வளைவின் உட்பக்கத்தை, அதாவது காம்பின் மேல்விளிம்பை ஒட்டிப் போகும். அங்கே மரம் மெல்லிதாக இருந்தால் துளைப்பான் வெளியே எட்டிப் பார்த்துவிடும், அதோடு அந்தக் கட்டை வீண். டென்மார்க்கில் வேலை செய்த சுங்கான் கலைஞர் சிக்ஸ்டன் இவார்சன் முதலில் உருவத்தைச் செதுக்கிவிட்டு அப்புறம் துளைக்கும் முறையைக் கொண்டுவந்தார். மர வரிகள் ஓடும் போக்கிலேயே வளைவை அமைக்க அது வழி செய்தது, ஆனால் துளைக்கும்போது கை பிசகவே கூடாது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னொரு சிக்கல், வாயில் கடிக்கும் குழலின் கழுந்து, அதாவது அதன் மறுமுனையிலுள்ள மெல்லிய முளை, காம்புக்குள் உட்காரும் குழி. குழி ஒரு கோணத்தில், காற்றுத்துளை வேறு கோணத்தில் என்று இரண்டும் முட்டிக்கொள்கின்றன. கழுந்துக்கும் குழியின் அடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் புகை அங்கே திடீரென்று விரிந்து, வேகம் குறைந்து, சுழலும். புகையிலை எரியும்போது நீராவியும் உண்டாகிறது, அது குளிர்ந்து அங்கேதான் துளித்துளியாகத் தேங்கும். இழுக்கும்போது களகளவென்று சத்தம் கேட்பது அதனால்தான். அதனால் கழுந்து குழியின் அடியைத் தொடுகிற மாதிரி இழைத்து இழைத்துப் பொருத்துவார்கள்.

டப்ளினில் சுங்கான் செய்த சார்லஸ் பீட்டர்சன் இதையே தலைகீழாக யோசித்தார். 1890-ல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில் குழியை வேண்டுமென்றே ஆழமாக்கி, காற்றுத்துளையை அதன் மேல்பகுதியில் திறந்துவிட்டார். ஈரம் கீழே இறங்கிச் சேரும், புகை மேலே போய்விடும். வளைந்த காம்பில்தான் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் குழி செங்குத்தாக நிற்கிறது.

உண்மையிலேயே வளைந்த துளை என்றால் அது வாய்க்குழலில் மட்டும்தான். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான எபோனைட்டை நேராக இருக்கும்போதே துளைத்து, துளை நசுங்காமலிருக்க உள்ளே துப்புரவுக் கம்பியைச் செருகி, சூடாக்கி வளைத்து, குளிர வைப்பார்கள். மறுபடி சூடுபட்டால் அது பழைய நேர்நிலைக்கே திரும்பப் பார்க்கும். உதட்டுப் பக்கம் வட்டத்துளையை அகலமான கீற்றாக மாற்றும்போது குறுக்குப் பரப்பு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இழுவை இறுகிவிடும்.

வேலை சுத்தமா என்று பார்க்க, முடித்த சுங்கானின் வாய்ப்பக்கம் ஒரு துப்புரவுக் கம்பியை விடுங்கள். குழலைக் கழற்றாமலே அது கிண்ணத்தின் அடிவரை போனால் துளைகள் சரியாகச் சந்தித்திருக்கின்றன. பீட்டர்சன் அமைப்பில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது, கம்பி குழியின் அடியில் போய் நின்றுவிடும். அதில் குழலைக் கழற்றித் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.