நேற்றைய கோப்பு இன்றும் கிடைக்குமா?

கோப்புகளை ஒத்திசைக்கும் மென்பொருளுக்கு இட்ட வேலை ஒன்றுதான்: இந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ, அந்தப் பக்கமும் அதுவே இருக்க வேண்டும். ஒரு கட்டுரையின் பாதியைத் தவறுதலாக அழித்துச் சேமித்தால், அந்தப் பக்கமும் பாதி போய்விடும். பேக்கப்பிடம் நாம் எதிர்பார்ப்பதோ வேறு: நேற்று இருந்தது இன்றும் கிடைக்க வேண்டும். ஆனாலும் முதல் வேலைக்கான கருவியை வைத்தே இரண்டாவதையும் செய்துகொள்ள முடியும். அதற்கு அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வகைக் கருவிகளில் பெயர்பெற்றது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டது. வழக்கமாக அது கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும் இரு பக்கமும் ஒத்துப்போனால், 'மாறவில்லை' என்று தாண்டிப் போய்விடும். சோம்பேறித்தனம் போலத் தோன்றினாலும் இதில் ஒரு நன்மை உண்டு. ஹார்ட் டிஸ்க் பழுதாகி ஒரு கோப்பின் சில பிட்டுகள் ஓசைப்படாமல் கெட்டுப்போனால், அளவும் நேரமும் மாறியிருக்காது. ஆகவே கெட்ட பிரதி பேக்கப்பில் உள்ள நல்ல பிரதியின் மேல் ஏறாது. உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொல்லியிருந்தால் ஏறியிருக்கும்!

கோப்பு உண்மையிலேயே மாறியிருந்தால்தான் ஆர்சிங்க்கின் கெட்டிக்காரத்தனம் தெரியும். பெரிய கோப்பு ஒன்றின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தீர்கள் என்று வையுங்கள். அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே ஓரிடம் தள்ளிப் போய்விடும். இரு கோப்புகளையும் துண்டு துண்டாக வெட்டி வரிசைப்படி ஒப்பிட்டால், ஒரு துண்டுகூடப் பொருந்தாது. இதற்கு ஆர்சிங்க் கண்ட வழி இது. பழைய பிரதியை வைத்திருக்கும் பக்கம் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள பைட்டுகளை (கோப்பை ஆக்கும் சிறு எண்களை) கூட்டி ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். புதிய கோப்பு உள்ள பக்கம், துண்டின் அளவுள்ள ஒரு சாளரத்தை பைட் பைட்டாக நகர்த்தி, 'இந்த எண் பட்டியலில் உள்ளதா' என்று பார்க்கும்.

ஒவ்வொரு நகர்வுக்கும் முழுத் துண்டையும் மறுபடி கூட்டினால் வேலை முடியாது. இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது. 3, 7, 2, 9, 5 என்று ஐந்து எண்கள். சாளரத்தில் நான்கு அடங்கும். முதல் கூட்டல் 21. சாளரம் ஓரிடம் நகர்ந்தால் 3 வெளியேறும், 5 உள்ளே வரும்: 21 - 3 + 5 = 23. துண்டு எவ்வளவு நீளமானாலும் ஒரு கழித்தல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். ஆனால் 9, 2, 7, 3 என்று வரிசை தலைகீழானாலும் கூட்டல் அதே 21 வரும். அதனால் இடத்துக்கேற்ற எடை போட்ட இரண்டாவது கூட்டலும் உண்டு: நம் முதல் வரிசைக்கு 4×3 + 3×7 + 2×2 + 1×9 = 46, தலைகீழ் வரிசைக்கு 59. இதையும் நகர்த்திக்கொண்டே திருத்த முடியும். இந்த மலிவான எண் பொருந்தினால் மட்டும், மேலும் வலுவான ஒரு ஹாஷை, அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்ணை, கணக்கிட்டு உறுதிசெய்துகொள்ளும். பொருந்தாத பைட்டுகள் மட்டுமே வலையில் பயணிக்கும். ஒரே கணினிக்குள் இரண்டு டிஸ்க்குகளுக்கு இடையே என்றால் ஆர்சிங்க் இந்த வித்தையைக் காட்டாமல் கோப்பை அப்படியே நகலெடுத்துவிடும். கணக்குப் போட இரண்டையும் படிக்கும் நேரத்தில் எழுதியே முடித்துவிடலாம்.

சிக்கலெல்லாம் நீக்குதலில் இருக்கிறது. ஒரு கோப்பு இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. இங்கே புதிதாக உருவானதா, அங்கே அழிக்கப்பட்டதா? இரு பக்கத்தையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. கடந்த முறை இருந்த நிலையின் குறிப்பு ஒன்று வேண்டும். யூனிசன் போன்ற இருவழிக் கருவிகள் அதைத் தனியே எழுதி வைத்துக்கொள்கின்றன. ஆர்சிங்க் ஒருவழி, அதற்கு அந்த நினைவு கிடையாது. 'மூலத்தில் இல்லாததை அழி' என்று நாம் சொன்னால்தான் அழிக்கும், சொன்னால் யோசிக்காமல் அழிக்கும். மூலமாகக் கொடுத்த வெளி டிஸ்க் அன்று கணினியோடு இணையவில்லை என்றால், அதன் இடத்தில் வெற்றுக் கோப்புறைதான் கண்ணில் படும். அதையும் நம்பி பேக்கப்பைக் காலியாக்கிவிடும். இத்தனை கோப்புகளுக்கு மேல் அழிக்காதே என்று வரம்பு வைக்க வழியிருக்கிறது. என்னைக் கேட்டால் வரம்பில்லாமல் அந்தத் தேர்வைத் தொடவே கூடாது.

இந்த விசுவாசமான கருவிக்கு நினைவாற்றல் கொடுப்பது ஹார்ட் லிங்க். லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. ஒரே உள்ளடக்கத்துக்குப் பல பெயர்கள் இருக்கலாம். கடைசிப் பெயர் நீங்கும்வரை டிஸ்க்கில் அது பிடித்த இடம் காலியாவதில்லை. நாளுக்கொரு கோப்புறை உருவாக்கி, நேற்றைய கோப்புறையை ஒப்புநோக்கச் சொன்னால், மாறாத கோப்புகளுக்கு ஆர்சிங்க் புதுப் பெயர் மட்டும் வைக்கும். மாறியவற்றை மட்டும் புதிதாக எழுதும். ஒவ்வொரு நாளின் கோப்புறையும் முழுக் கணினிபோல் தெரியும், ஆனால் இடம் பிடிப்பது அன்றன்றைய மாற்றம்தான். ஆப்பிள் 2007-இல் டைம் மெஷினைக் கொண்டுவந்தபோது அதன் அடியிலும் ஹார்ட் லிங்க்தான் இருந்தது.

முப்பது நாள் முப்பது பெயர் இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றுதான். டிஸ்க் செத்தால் முப்பதும் ஒன்றாகப் போகும். அதனால் வேறோர் இடத்தில் இன்னொரு டிஸ்க் அவசியம். பேக்கப் கோப்புறைக்குள் போய் ஒரு கோப்பை நேரடியாகத் திருத்தினால், எல்லா நாளிலும் அது திருத்தப்பட்டுவிடலாம். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வடிவமைத்த வெளி டிஸ்க்கில் ஹார்ட் லிங்க் வேலை செய்யாது. முதலில் அதை மாற்றி வடிவமைக்க வேண்டும். மீட்பதற்கோ தனி மென்பொருளே வேண்டாம். பாதி அழிந்த கட்டுரை திங்கட்கிழமை முழுதாக இருந்ததென்றால், திங்கட்கிழமைக் கோப்புறையைத் திறந்து அதை நகலெடுத்துக்கொள்ளலாம்.