டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் முன்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மேடு ஏறுனா இன்ஜின் கடகடன்னு அடிக்குது. டைமிங் போயிடுச்சுபோல." அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சத்தத்தைக் காதால் கேட்டபடி இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பி இறுக்கிவிடுவார்கள். சில வண்டிகளில் அது பலிக்கும். பல வண்டிகளில் உண்மையான கோளாறு உள்ளேயே இருக்க, அதன் தலையில் இன்னொன்று ஏறிக்கொள்ளும்.

பிளக்கில் பொறி விழுந்ததும் சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அதே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பொறி விழுந்த இடத்தில் சிறு சுடர் பிறந்து, பரவி, அழுத்தம் உச்சத்தைத் தொடச் சில மில்லி செகண்ட் ஆகிறது. பிஸ்டன் மேல் எல்லையைத் தாண்டி, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஏறக்குறைய 15 டிகிரி திரும்பியிருக்கும் நேரத்தில் அந்த உச்சம் வந்தால் தள்ளுவிசை முழுதாகப் பயன்படும். ஆகவே பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழுந்துவிட வேண்டும். எவ்வளவு முன்பாக என்பதுதான் டைமிங்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஐட்லிங்கில் 800 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால், ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 4.8 டிகிரி திரும்புகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் அதே மில்லி செகண்டில் 18 டிகிரி. கலவை எரியும் நேரமோ அந்த விகிதத்தில் குறைவதில்லை. எனவே வேகம் கூடக் கூடப் பொறி முன்னே நகர வேண்டும். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இதை ஓட்டுநரே பார்த்துக்கொண்டார்; ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் அதற்கென்று ஒரு லீவர். கையால் கிராங்க் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது அந்த லீவரைப் பின்னுக்குத் தள்ள மறந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்படிக் கை முறிந்தவர்கள் பலர்.

அந்த லீவரின் வேலையைப் பிற்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டரே ஏற்றுக்கொண்டது. பாயிண்ட் (திறக்கும் கணத்தில் பொறியை உண்டாக்கும் சிறு சுவிட்ச்), காயில், பேட்டரி என்ற அமைப்பின் வேர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கிடம் இருக்கிறது. அதைப் பல நாடுகளும் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றாமலே ஓட்டின. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்ப இன்ஜின்தான் ஓடியது. நம்மூர் வண்டிகளுக்கான டிஸ்ட்ரிபியூட்டர்கள் சென்னை பாடியிலிருக்கும் லூகாஸ் டிவிஎஸ்ஸிலிருந்து வந்தன.

அதன் மூடியையும் ரோட்டரையும் கழற்றி, பாயிண்ட் தட்டுக்குக் கீழே பார்த்தால் இரண்டு சிறு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் தெரியும். தண்டு வேகமாகச் சுழலும்போது எடைகள் வெளிப்பக்கம் விரிந்து, மேலே பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமைச் சற்று முன்னே திருப்பும். பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறியும் சீக்கிரம் விழும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வட்ட டப்பா இன்னொரு கணக்கைப் பார்க்கிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துச் சமவெளியில் ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, மெதுவாக எரியும். அப்போது உண்டாகும் வெற்றிடம் டப்பாவுக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற சவ்வை இழுத்து, பொறியை இன்னும் முன்னே கொண்டுபோகும். மேட்டில் முழுதாக மிதித்தால் வெற்றிடம் குறைந்து அந்தக் கூடுதல் விலகிவிடும். ஆக, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி நாம் மாற்றுவது தொடக்கப் புள்ளியை மட்டும். அங்கிருந்து வேகத்துக்கும் மிதிப்புக்கும் ஏற்ப டைமிங்கை நகர்த்துவது எடைகளும் டயாஃபிரமும்.

டைமிங் அதிகமாக முன்னே போனால் நாக்கிங். சுடர் வந்து சேரும் முன்பே, மூலையில் மீதமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகப் பற்றிக்கொள்வதால் வரும் உலோகச் சத்தம் அது. சூடான இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் திணறுவதும் இதன் அடையாளம். தொடர்ந்து விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும். பின்னே போனால் சத்தமில்லாத கெடுதல். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். சக்கரத்துக்குப் போக வேண்டிய சக்தி எக்ஸாஸ்டையும் ரேடியேட்டர் தண்ணீரையும் சூடாக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் எடுத்து வீசிவிட்டு, அப்படியும் தண்ணீர் கொதிக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒருமுறை டைமிங்கைப் பார்ப்பது நல்லது.

சரிபார்ப்பதைப் பாயிண்டில்தான் தொடங்க வேண்டும். கேமில் உரசும் அதன் ஃபைபர் முனை நாளடைவில் தேயும், இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். யாரும் எதையும் தொடாமலே டைமிங் பின்னே போய்விடும். இந்த வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இடைவெளி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்து வைக்க வேண்டும். டைமிங்கைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பாயிண்டைத் தொட்டால், முதலில் செய்த வேலை வீண். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதுதான் நான் பார்த்தவரை மிகப் பரவலான தவறு.

ரோட்டரைக் கையால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்க வேண்டும். அசையாவிட்டால் எடைகள் துருவால் இறுகியிருக்கின்றன. ஐட்லிங் அருமையாக இருந்தும் வேகத்தில் இழுக்காத வண்டிக்கு இது பொதுவான காரணம். டயாஃபிரத்துக்குப் போகும் குழாயின் கார்புரேட்டர் பக்க நுனியைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயிண்ட் தட்டு நகர வேண்டும். நுனியை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று சும்மா வந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது, பெட்ரோல் செலவு ஏறியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டைமிங். எப்படித் திருப்பினாலும் சரிவராது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிளாம்ப் போல்ட். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்ஜினைக் கையால் சுற்றினால், விரலைக் காற்று தள்ளும் சுற்றுதான் கம்ப்ரெஷன். இதைத் தவறவிட்டால் பிஸ்டன் மேலே இருந்தும் ஒரு முழுச் சுற்று பிசகியிருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, கார்புரேட்டர் வழியாகத் தும்மும். கிராங்க் புல்லியில் உள்ள வெட்டைக் கையேடு சொல்லும் டிகிரிக்கு நேரே நிறுத்தி, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி, சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது கரண்ட் அதன் வழியே எர்த்துக்குப் போய்விடும், பல்பு எரியாது. திறக்கும் கணத்தில் எரியும். இந்த இன்ஜினில் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுழல்கிறது; டிஸ்ட்ரிபியூட்டரைக் கடிகாரத் திசையில் திருப்பினால் டைமிங் முன்னே போகும். பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், இங்கே 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. கை நடுங்கினால்கூட அளவு மாறிவிடும்.

டைமிங் லைட் இருந்தால், ஐட்லிங்கில் டயாஃபிரக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்னல் என்பதால் சுழலும் புல்லி நின்றதுபோல் தெரியும். ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது வெட்டு சீராக நகர்ந்தால் எடைகள் வேலை செய்கின்றன. துள்ளினால் புஷ்ஷையோ டைமிங் செயினையோ பாருங்கள்.

பழைய கையேட்டின் எண்ணை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் விற்ற காலத்தில் போட்ட அளவு அது. இன்று பங்கில் கிடைப்பது 91 ஆக்டேனுக்குக் குறையாதது, நாக்கிங்கை அதிகம் தாங்கும். டாப் கியரில் மெதுவாகப் போய் முழுதாக மிதித்துப் பாருங்கள். நாக்கிங் லேசாகக் கேட்டு உடனே அடங்கினால் போதுமானது. கையேட்டு அளவில் வைத்தும், பாயிண்ட், எடை, டயாஃபிரம் எல்லாம் சரியாக இருந்தும் நாக்கிங் ஓயாவிட்டால் டைமிங்கை மேலும் பின்னுக்குத் தள்ளாதீர்கள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பாருங்கள்.