மலை ஏறும் லாரி: இன்ஜினை எப்போது பிரிக்கலாம்?

நீலகிரியில் லாரி வைத்திருப்பவர்களை அடிக்கடி குழப்பும் கேள்வி இது. வண்டி 4 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. புகை இல்லை, இழுவையில் குறை இல்லை, ஆயிலும் இறங்கவில்லை. ஆனாலும் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலைக்கு நிறுத்தும்போதே இன்ஜினைப் பிரித்து ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), பேரிங் (சுழலும் தண்டைத் தாங்குவது), ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுப்பது) எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? "நல்லா ஓடுற இன்ஜின்ல கை வைக்காதீங்கண்ணே" என்பார் ஒரு மெக்கானிக். "பர்லியார் மலைப்பாதையில லோடோட நின்னா அப்பத் தெரியும்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்தப் பாகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்கு முன்பு கிலோமீட்டரைக் கொஞ்சம் ஓரம் வைக்க வேண்டும். மலை வண்டியின் உழைப்பை அதனால் அளக்க முடியாது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். சிமென்டோ உரமோ ஏற்றி மொத்தம் 16 டன் எடை கொண்ட லாரியை அந்த 1,900 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 300 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். டீசலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இன்ஜினிலிருந்து வேலையாக வெளியே வரும் என்பதால், ஏற்றத்துக்கே 20 லிட்டருக்கு மேல் எரிந்துவிடும். அதே லாரி சமவெளியில் அதே தூரம், அதாவது சுமார் 50 கிலோமீட்டர் போக, டயர் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் சேர்த்து 100 மெகாஜூலுக்குள் முடிந்துவிடும். ஆக ஏறும்போது இன்ஜின் செய்யும் வேலை சமவெளியைப் போல மூன்றரை, நான்கு மடங்கு. இறங்கும்போது டீசல் அநேகமாகச் செலவாகாது. போகவர இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மலையில் ஓடிய ஒரு கிலோமீட்டர் சமவெளியில் ஓடிய இரண்டுக்குச் சமம். முழுக்க மலையிலேயே ஓடிய வண்டியின் 4 லட்சத்தை 8 லட்சம் என்றுதான் நான் படிப்பேன். ஜேசிபிக்கு ஓடிய மணி நேரத்தைக் கணக்கிட்டு ஆயில் மாற்றுகிறோமே, அதே நியாயம் இங்கேயும் பொருந்தும். கம்பெனி சொன்ன வரம்பைத் தாண்டாமல், எரித்த டீசல் எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்து அதைக் கொண்டு முடிவெடுப்பது நல்லது.

உழைப்பைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 77 சதவீதம்தான். அதனால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் உழைக்கும் டீசல் இன்ஜினின் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அந்த வெப்பத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கொதிக்காமல் தடுப்பது ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் நல்ல மூடி இருந்தால் ஊட்டியிலும் கொதிநிலை 115 டிகிரி அளவில் நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்து 0.3 பார்தான் பிடிக்கிறது என்றால் அது 101, 102 டிகிரிக்கு வந்துவிடும். சமவெளியில் தொல்லை தராமல் ஓடிய மூடி மேலே போனதும் காலை வாரிவிடுவது இதனால்தான். சில நூறு ரூபாய்ப் பொருள் இது. ஒரு முறை கொதித்தாலே ஹெட் வளையலாம், கேஸ்கெட் போகலாம், செலவு பல பத்தாயிரத்துக்குப் போய்விடும். வண்டிக்கு மிகக் கடினமான இடம் ஊட்டி கிடையாது, மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள பகுதி. அங்கே ஏற்றம் தொடர்ந்து இருக்கிறது, வேகம் குறைவு, கீழ்ப்பகுதியில் காற்று இன்னும் சூடாகவே இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பெரிய டீசல் இன்ஜின்கள் பலவற்றில், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் வெளிப்பக்கம் கூலன்டிலேயே நனைந்திருக்கும். எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் லைனரை ஒரு பக்கமாக அறைய, லைனர் நுண்ணிய அளவில் அதிரும். அந்த அதிர்வில் கூலன்டில் ஆவிக்குமிழ்கள் தோன்றி உடனே நொறுங்கும். நொறுங்கும் இடத்தில் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குழி விழுந்து, கடைசியில் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கூலன்டில் உள்ள வேதிப்பொருட்கள் லைனர்மேல் ஒரு மெல்லிய படலமாக அமர்ந்து இதைத் தடுக்கின்றன. வழியோர ஓடையில் பிடித்த தண்ணீரில் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அவசரத்துக்கு ஊற்றுவதில் தப்பில்லை, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் தப்பு. மூடி, கூலன்ட், ஹோஸ், பெல்ட் இவற்றை எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல் காலக்கெடு வைத்து மாற்றிவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

சரி, ரிங், பேரிங்? இங்கேதான் முதல் மெக்கானிக்கின் பேச்சுக்கு ஒரு பழைய ஆதாரம் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப் படை நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய விமானங்களை 50 மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயப் பராமரிப்புக்கு அனுப்பியது. வாடிங்டன் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவும் பழுதுக் கணக்கைப் புரட்டியபோது, பராமரிப்பு முடிந்த கையோடுதான் எதிர்பாராத பழுதுகள் அதிகமாக வந்திருந்தன. நாள் போகப் போக அவை குறைந்தன. பிரித்துப் பூட்டுவதே புதுக் கோளாறுகளை உண்டாக்கியிருந்தது. அப்புறம் 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் விமானப் பாகங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கையில், வயதாக ஆக பழுது தெளிவாகக் கூடும் பாகங்கள் 11 சதவீதம்தான் என்று காட்டினார்கள். மீதிப் பாகங்களை வயது பார்த்து மாற்றுவதில் பலன் இல்லை.

இதை அப்படியே லாரிக்குத் தூக்கிவந்துவிடக் கூடாது. விமானத்தில் மின்னணுப் பாகங்கள் நிறைய. ரிங்கும் பேரிங்கும் உண்மையாகவே தேய்பவை. ஆனால் அவை சத்தமில்லாமல் தேய்வதில்லை, தேய்ந்த உலோகம் ஆயிலில் வந்து சேர்கிறது. இரும்பு கூடினால் லைனர், குரோமியம் என்றால் ரிங், அலுமினியம் என்றால் பிஸ்டன். ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடிப்பகுதி வெளியே வருகிறது என்று கொள்ளலாம். செம்பு மட்டும் ஏறினால் ஆயில் கூலரிலிருந்தும் வந்திருக்கலாம், பதற வேண்டாம். சிலிக்கான் பெரும்பாலும் தூசி, ஏர் ஃபில்டர் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. சோடியமோ பொட்டாசியமோ திடீரென்று தென்பட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆய்வகத்தில் 100 மில்லி அளவு ஆயிலை வைத்து இவ்வளவையும் பார்த்துவிடுகிறார்கள். இதோடு பட்டறையிலேயே செய்யும் சோதனைகளும் உண்டு. சூடான இன்ஜினை ஐடிலில் (நின்றபடி மெதுவாக ஓட) விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, எவ்வளவு வருகிறது என்று தெரியும். குன்னூர் ஏறி முடித்ததும் ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று மாதாமாதம் குறித்து வந்தால் பேரிங்கின் நிலை பிடிபடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மேலே காற்று மெலிந்திருப்பதால் அது இன்னும் வேகமாகச் சுழல்கிறது. ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டால் அதன் பேரிங்கில் ஆயில் கருகாது.

பணக் கணக்கும் எளிதுதான். உதாரணத்துக்கு, முன்கூட்டியே ஒரு பாகத்தை மாற்ற 20,000 ரூபாய், வழியில் உடைந்தால் கிரேன், நின்ற நாட்கள், அழுகிய கேரட் எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வண்டியை வேலைக்கு நிறுத்துவதற்குள் அது உடைய பத்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தால் மாற்றுவது லாபம், குறைவாக இருந்தால் காத்திருப்பது லாபம். அந்த வாய்ப்பை மதிப்பிடத்தான் மேலே சொன்ன அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாத 4 லட்சம் கிலோமீட்டர் இன்ஜினை நான் பிரிக்கமாட்டேன். கேஸ்கெட்டுக்காக ஹெட்டை இறக்க நேர்ந்தால் மட்டும், அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது எடுத்துப் பார்க்கச் சொல்வேன். வண்டி எப்படியும் நிற்கிறது, கூலியும் பாதி கொடுத்தாகிவிட்டது.

ஆயில் சோதனைக்கு அனுப்ப நினைப்பவர்கள் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். வடிக்கத் தொடங்கியதும் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலின் மேல், ஆயில் மாற்றி எத்தனை கிலோமீட்டர், இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் என்று எழுதாவிட்டால் ரிப்போர்ட்டுக்குப் பொருளே இருக்காது. ஆயிலுக்கு வயது கூடினால் இரும்பும் கூடத்தான் செய்யும். ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மூன்றாவது ரிப்போர்ட்டிலிருந்துதான் போக்கு தெரியத் தொடங்கும். ஊட்டி அருகே தலைகுந்தாவில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் எடுத்ததை ஏப்ரலில் எடுத்ததோடு நேராக ஒப்பிட வேண்டாம். குளிரில் ஆயில் கெட்டியாகி மேலேற நேரமாவதால், காலையில் ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பு கூடுதலாகத் தேய்ந்து வரும்.