பெர்சிஸ்டன்ஸ்: நிலைபேறும் நிலைநிறுத்தலும்

"வேல்யூ பெர்சிஸ்ட் ஆகல." வலைப்பக்கங்கள் உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுதியான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் சொந்தமாக கன்ட்ரோல் (பொத்தான், பட்டியல் போன்ற பக்க உறுப்பு) எழுதிய தமிழ் நிரலர் யாரும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்பார். நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோவின் டிசைனரில் (பக்கத்தைக் கண்ணால் பார்த்து வடிவமைக்கும் காட்சி) அந்த கன்ட்ரோலை இழுத்துப் போட்டு, பிராப்பர்ட்டி (பண்பு) சாளரத்தில் தலைப்பை மாற்றுகிறோம். திரையில் புதிய தலைப்பு தெரிகிறது. பக்கத்தை மூடித் திறந்தால் பழைய தலைப்பே திரும்பி வந்திருக்கிறது. அந்த வாக்கியம் வாயில் வருவது அப்போதுதான்.

பெர்சிஸ்ட் என்னும் ஆங்கில வினை லத்தீனின் 'பெர்சிஸ்தெரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'பெர்' என்றால் முழுக்க, இறுதிவரை. 'சிஸ்தெரே' என்றால் நிற்றல், நிற்கவைத்தல். ரெசிஸ்ட், அசிஸ்ட், எக்ஸிஸ்ட், கன்சிஸ்ட் எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. இறுதிவரை நிற்பது என்பதால் மனிதருக்குச் சொல்லும்போது விடாப்பிடி, விடாமுயற்சி என்ற பொருள் வந்தது. நோய்க்குச் சொல்லும்போது விட்டுப்போகாத இருமல். மண்ணிலும் உடல் கொழுப்பிலும் சிதையாமல் தங்கும் டிடிடி போன்ற நஞ்சுகளைப் பற்றி 2001-இல் ஸ்டாக்ஹோமில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையின் பெயரிலும் இந்தச் சொல் உண்டு.

இந்தப் பொருள்களில் எல்லாம் ஆங்கிலத்துக்கு அது செயப்படுபொருள் குன்றிய வினை. இருமல் பெர்சிஸ்ட் ஆகும். யாரும் இருமலை பெர்சிஸ்ட் பண்ணுவதில்லை. கணினிக்காரர்கள் கைக்கு வந்த பிறகுதான் 'இந்த மதிப்பை பெர்சிஸ்ட் செய்' என்று செயப்படுபொருள் சேர்ந்தது. அகராதிப் பிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் லத்தீனின் சிஸ்தெரேயே நிற்றல், நிற்கவைத்தல் இரண்டுக்கும் பயன்பட்ட வினை என்பதால், நிரலர்கள் அறியாமலே பழைய பொருள் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணினியியலில் இது கலைச்சொல்லாக வேரூன்றியதற்கு 1980-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் நடந்த வேலை முக்கியமான காரணம். எடின்பரோவில் மால்கம் அட்கின்சனும் செயின்ட் ஆண்ட்ரூஸில் ரான் மாரிசனும் அவர்களுடைய குழுவினரும் பிஎஸ்-அல்கால் என்ற மொழியை உருவாக்கினார்கள். ஒரு தரவு எவ்வளவு காலம் இருக்கிறதோ அந்தக் கால அளவே அதன் பெர்சிஸ்டன்ஸ் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். அதன்படி உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள் கிடையாது. ஒரு நீண்ட படிவரிசை உண்டு. கூட்டல் ஒன்றின் இடையில் தோன்றி மறையும் எண் அதன் ஒரு முனை. நிரல் ஓடி முடிந்த பிறகும், அந்த நிரலே புதிய பதிப்புக்கு மாறிய பிறகும் இருக்கும் தரவு மறுமுனை.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிசைனரைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். பக்கத்தை வடிவமைப்புக் காட்சியில் திறந்ததும் விஷுவல் ஸ்டுடியோ நம் கன்ட்ரோலின் உண்மையான ஆப்ஜெக்ட் ஒன்றை நினைவகத்தில் உருவாக்குகிறது. பிராப்பர்ட்டி சாளரம் பேசுவது அதனோடுதான். பக்கத்தை மூடினால் அந்த ஆப்ஜெக்ட்டின் ஆயுள் முடிந்தது. மிச்சம் இருப்பது பக்கத்தின் டாட் ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பில் டேக்குகளாக எழுதப்பட்டுள்ள மார்க்கப் எழுத்து மட்டுமே. அடுத்த முறை திறக்கும்போது அந்த எழுத்தைப் படித்துப் புது ஆப்ஜெக்ட் பிறக்கிறது. ஆகவே டிசைன் டைம் பெர்சிஸ்டன்ஸ் என்பது ஆப்ஜெக்ட்டின் பண்பு மதிப்பை மார்க்கப் எழுத்தாக இறக்கிவைப்பது. வாய்ப்பேச்சில் நிலத்தின் விலை மாறினால் போதாது, பத்திரத்தில் ஏற வேண்டும் என்பதுபோல.

இந்த ஏற்பாடு ஏஎஸ்பி.நெட்டுக்கு முன்பே இருந்தது. ஒரு நிரலின் ஆவணத்தை மற்றொன்றில் பதிக்க உதவிய, 1993-இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஓஎல்இ 2-இல் ஐபெர்சிஸ்ட் என்று தொடங்கும் இன்டர்ஃபேஸ் குடும்பமே உண்டு. விஷுவல் பேசிக் 5 (1997) சொந்த ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் எழுதும் வசதியைத் தந்தபோது அதில் ரைட்பிராப்பர்ட்டீஸ், ரீட்பிராப்பர்ட்டீஸ் என்ற இரண்டு ஈவென்ட்டுகள் வந்தன. நிரலை ஓட்ட எஃப்5 அழுத்தியதும் வடிவமைப்பில் இருந்த கன்ட்ரோல் அழிந்து, ஓட்டத்துக்கென வேறொன்று பிறக்கும். நடுவில் பிராப்பர்ட்டிபேக்கில் போட்டுவைத்த மதிப்புகள்தான் கைமாறும். மதிப்பு மாறியதும் பிராப்பர்ட்டிசேஞ்ட் என்று குரல் கொடுக்காவிட்டால், மாற்றம் நடந்ததே ஃபார்முக்குத் தெரியாது.

2002-இல் ஏஎஸ்பி.நெட் வந்தபோது இதே வேலை, நிரலின் மேல் ஒட்டும் குறிப்புகளான அட்ரிபியூட்டுகளுக்கு மாறியது. பெர்சிஸ்டன்ஸ்மோட் என்ற அட்ரிபியூட் 'எங்கே எழுதுவது' என்று சொல்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் கன்ட்ரோலின் டேக்குக்குள்ளேயே பெயர், சமக்குறி, மதிப்பு என எழுதப்படும். இன்னர்பிராப்பர்ட்டி என்றால் டேக்கின் உள்ளே பண்பின் பெயரில் தனி டேக் உருவாகும். கிரிட்வியூவின் காலம்ஸ் அப்படித்தான் இருக்கிறது. இன்னர்டிஃபால்ட்பிராப்பர்ட்டி என்றால் அந்தப் பெயர் டேக்கும் இல்லாமல் உள்ளடக்கம் நேராக அமரும். டிராப்டவுன்லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்ஐட்டங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதியதைத் திரும்பப் படிக்க பார்ஸ்சில்ட்ரன் அட்ரிபியூட்டும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். எழுதுவது ஒரு முறை, படிப்பது வேறு முறை என்றால் பக்கம் திறக்கும்போதே பிழை.

டிசைனர்சீரியலைசேஷன்விசிபிலிட்டி என்ற நீளப்பெயர் 'எழுதலாமா, எதை எழுதலாம்' என்பதற்கு. விசிபிள் என்றால் மதிப்பை எழுது. ஹிடன் என்றால் விட்டுவிடு. கன்டென்ட் என்றால் அந்தப் பண்பு தன்னுள் வைத்திருக்கும் உட்பண்புகளை எழுது. முகவரி என்ற பண்புக்குள் தெரு, ஊர், அஞ்சல் குறியீடு என்று உட்பண்புகள் இருந்தால் இந்த மூன்றாவதுதான் தேவை. உட்பண்பு மாறியதைத் தாய்ப்பண்புக்குச் சொல்ல ஒவ்வொன்றின் மேலும் நோட்டிஃபைபேரன்ட்பிராப்பர்ட்டி போட வேண்டும். போடாவிட்டால் 'தெரு' மாறும், 'முகவரி' மாறியதாக டிசைனர் நினைக்காது, மார்க்கப்பில் எதுவும் ஏறாது.

டிஃபால்ட்வேல்யூவில் ஒரு பழைய பொறி இருக்கிறது. இந்த அட்ரிபியூட் பண்புக்குத் தொடக்க மதிப்பைத் தருவதில்லை. 'மதிப்பு இதுவாக இருந்தால் எழுத வேண்டாம்' என்று மட்டும் சொல்கிறது. டிஃபால்ட்வேல்யூ 10 என்று எழுதிவிட்டு, பண்பு உண்மையில் 0-வில் தொடங்கினால், பயனர் 10 என்று கொடுப்பது எழுதப்படாது; மறுமுறை திறந்தால் 0. டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் 1995 முதலே டிஃபால்ட் என்ற குறிச்சொல்லுக்கு இதே நடத்தை. விஷுவல் பேசிக்கின் ரைட்பிராப்பர்ட்டி வாங்கும் மூன்றாவது உள்ளீடும் அப்படியே. மூன்று கருவிகளிலும் ஒரே பள்ளம். 'டிஃபால்ட்' என்ற பெயர் தவறு, 'இதுவென்றால் விட்டுவிடு' என்பதுபோல வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டிசைனருக்கான நிரலிலிருந்தே பண்பை மாற்றும் இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 2005-இல் வந்த, டிசைனரில் கன்ட்ரோலின் ஓரத்தில் திறக்கும் சிறு பட்டியலான ஸ்மார்ட் டேக்கில் 'கருப்பு வடிவம்' என்று ஒரு தேர்வு வைத்து, அதைச் சொடுக்கியதும் கன்ட்ரோலின் நிறப் பண்புக்கு நேராக மதிப்பைக் கொடுத்தால், ஆப்ஜெக்ட் மாறும், திரையும் மாறக்கூடும், கோப்பு மாறாது. பிராப்பர்ட்டி சாளரம் வழியாக மாற்றும்போது நடுவில் பண்புகளின் விவரங்களைத் தரும் டைப்டிஸ்கிரிப்டர் இருந்து டிசைனருக்குச் செய்தி சொல்கிறது. நேராகக் கொடுக்கும்போது அந்தத் தூதர் இல்லை. டைப்டிஸ்கிரிப்டரிடமிருந்து அந்தப் பண்பின் விவரணியை வாங்கி அதன் செட்வேல்யூ மூலம் மாற்றினால் சரியாகிவிடும். அது முடியாத இடத்தில் ஐகாம்பொனன்ட்சேஞ்ச்சர்வீஸைக் கேட்டு வாங்கி, மாற்றுவதற்கு முன் ஆன்காம்பொனன்ட்சேஞ்சிங், மாற்றிய பின் ஆன்காம்பொனன்ட்சேஞ்ட் இரண்டையும் அழைக்க வேண்டும். செயல்தவிர்ப்பும் அப்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

பக்கத்தில் நிற்கும் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வது சாதாரணம். சேவ் என்பது திறந்திருக்கும் மார்க்கப்பை வட்டில் எழுதுவது. பெர்சிஸ்ட் ஆகாத மதிப்பு மார்க்கப்பிலேயே இல்லை. கன்ட்ரோல்-எஸ் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. சீரியலைசேஷன் என்பது ஆப்ஜெக்ட்டை எழுத்தாகவோ பைட்டாகவோ வரிசைப்படுத்துவது. வலைப்பின்னலில் அனுப்பிவிட்டு மறந்துவிடவும் அது பயன்படும், அதனால் அது வழிமுறை மட்டுமே. வியூஸ்டேட் என்பது பக்கம் ஓடும்போது ஒரு போஸ்ட்பேக்குக்கும் (பக்கம் சர்வருக்குத் திரும்ப அனுப்பப்படுவது) அடுத்ததற்கும் இடையே மதிப்பைக் காப்பது. 'வியூஸ்டேட்டில் போட்டுவிட்டேனே, ஏன் டிசைனில் நிற்கவில்லை' என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் பெர்சிஸ்டன்ஸ்தான், அட்கின்சன் குழுவின் படிவரிசையில் வேறொரு படி. ஜாவாக்காரர்கள் 2006 முதல் பெர்சிஸ்டன்ஸ் ஏபிஐ என்று சொல்வது தரவுத்தளத்தில் இறக்கும் படி.

சரி, தமிழில் என்ன சொல்வது? சேமிப்பு ஏற்கெனவே சேவுக்குப் போய்விட்டது. நிலைத்தன்மை இயற்பியலிலும் பொருளாதாரத்திலும் ஸ்டெபிலிட்டிக்கு வழங்குகிறது. நீடிப்பு என்றால் கெடு நீடிப்பு நினைவுக்கு வரும். விடாப்பிடி மனிதருக்கு மட்டும். நிலைப்பாடு அரசியல்வாதிகளுடையது.

நில் என்ற வேருக்கே போகலாம். லத்தீன் நின்ற இடமும் அதுதானே. நில்லிலிருந்து நிலை, திருக்குறளின் 34-ஆம் அதிகாரத்துக்கு நிலையாமை என்றே பெயர். நிலை, பெறு இரண்டும் சேர்ந்து நிலைபெறு. அதன் பெயர்ச்சொல் நிலைபேறு. பெறு பேறாவதை இலக்கணம் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்னும். நில்லின் பிறவினை நிறுத்து. அதனோடு நிலை சேர்ந்தால் நிலைநிறுத்து. இரண்டும் புழக்கத்தில் உள்ள சொற்கள், எதையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்று வேறு பொருளில் அரசு ஆவணங்களிலேயே வழங்குவதால், யாழ்ப்பாணத்து வாசகருக்கு முதலில் அதுதான் தோன்றும். இடம் வேறு என்பதால் பெரிய இடைஞ்சல் இல்லை.

ஒரே சொல்லைத் தேடாமல் தன்வினைக்கு ஒன்று, பிறவினைக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது. பேச்சுத்தமிழ் இதை முன்பே செய்துவிட்டது: மதிப்பு 'பெர்சிஸ்ட் ஆகுது', டிசைனர் 'பெர்சிஸ்ட் பண்ணுது'. ஆங்கிலத்தில் ஒரே வடிவம் இரண்டுக்கும் வருவதால், பண்பு தானாக நின்றுகொள்ளும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. தமிழில் 'நிலைநிறுத்து' என்றதும் யார் நிலைநிறுத்துவது என்ற கேள்வி உடனே எழும். டிசைனர். அதற்கு யார் சொன்னது? நாம் சொல்லவில்லை. மேலே பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியில்தான் கிடக்கின்றன.

எழுதும்போது இப்படி வரலாம்: 'உட்பண்பின் மதிப்பு நிலைபெறவில்லை', 'டிசைனர் இதை உள்டேக்காக நிலைநிறுத்தும்', 'வடிவமைப்பு நேர நிலைபேறு', 'போஸ்ட்பேக்குகளுக்கு இடையிலான நிலைபேறு'. பெர்சிஸ்டன்ஸ்மோட் போன்ற அட்ரிபியூட் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் விடுங்கள். கம்பைலருக்குத் தமிழ் புரியாது, தேடுபவருக்கும் அந்தப் பெயரில்தான் விடை கிடைக்கும். 2016-இல் வந்த ஏஎஸ்பி.நெட் கோரில் வெப் ஃபார்ம்ஸுக்கு இடமில்லை என்றாலும், பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவன மென்பொருள்களைப் பராமரிப்பவர்களுக்கு இவை இன்னும் தேவைப்படுகின்றன.